ஒச்சப்பன் பார்த்துச் சொன்ன பாடி

போர்ட் பிளேரை அடுத்த புரோத்ராபூர் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டு ஃபைபர் படகுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒச்சப்பன், நாற்பத்தாறு வயதுவரை விமானத்தில் ஏறியதில்லை. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து அங்கே பால் வெட்டியவர்கள். சுனாமிக்குப் பிறகு குடும்பம் தெற்கு அந்தமானுக்கு வந்தது. அந்தச் சமயத்தில் மீனவர்களுக்கு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. குவிந்த வேகத்திலேயே உடையவும் செய்தன. அவற்றை ஒட்டுகிறவர்களோடு சேர்ந்து ரெசின் பசை கலக்கத் தொடங்கியவன், பிறகு தனியாகவே கொட்டகை போட்டுக்கொண்டான். மனைவி விஜயகுமாரி கூடவே வேலை செய்தாள். கண்ணாடி நார்ப் பாயை அளவாக வெட்டுவதும், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் மழைக்காலத்துக்கு எத்தனை சொட்டு, வெயிலுக்கு எத்தனை சொட்டு என்று பார்த்து ஊற்றுவதும் அவள்தான்.

ஒச்சப்பன் பத்தாவது தாண்டவில்லை. ஆனால் படகின் பக்கவாட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இங்க உள்ளுக்குத் தண்ணி குடிச்சிருக்கு" என்பான். அறுத்துப் பார்த்தால் குடித்திருக்கும். அதனால்தான் ஜெகநாதன் அவனைத் தேடி வந்தார்.

ஜெகநாதனுக்குப் பரமக்குடிப் பக்கம். போர்ட் பிளேருக்கு வந்து முப்பது வருடமாக எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுக்கிறார். பெரார்கஞ்சில் பாக்குத் தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்து ஷெட்டில் அவர் இரண்டு வருடமாக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். காலேஜில் படித்தபோது ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரில் பார்த்த கார் அது. அறுபதுகளில் ஏதோ ஒரு வெளிநாட்டில் ஓடியது, இரண்டே இருக்கை, மேற்கூரை கிடையாது, முன்பக்கம் நீண்டு வாய் திறந்த மீன் மாதிரி இருக்கும். அசலை வாங்க ராஜாக்களால்தான் முடியும். ஆனால் அதே மாதிரி நகல் செய்துகொள்ள, சட்டம், சக்கர அமைப்பு, மேல்கூடு என்று தனித்தனியாகத் தருகிற பட்டறைகள் இருந்தன. இரும்புச் சட்டத்தை அவரே வெல்டிங் வைத்துச் செய்துவிட்டார். விபத்தில் சிக்கிய ஒரு வண்டியின் எஞ்சினைத் தூக்கி வைத்து ஓடவும் வைத்துவிட்டார். மேல்கூடு, அதாவது பாடி மட்டும்தான் பாக்கி.

"இந்தத் தீவுல இத எங்க ஓட்டப் போறீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். தோட்டத்துக்குள் அரை கிலோமீட்டர் பாதை இருக்கிறது, அது போதும் என்பார்.

"மெயின்லேண்ட்ல ரெண்டு எடம் விசாரிச்சு வச்சிருக்கேன், ஒச்சப்பா. போட்டோவுல பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஃபைபரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ வந்து தட்டிப் பாத்து எது நல்லதுன்னு சொல்லு. நீ கை காட்டுறத வாங்குவோம்."

ஒச்சப்பனுக்கு அந்தப் பேச்சு இரண்டு நாள் காதிலேயே இருந்தது. கிளம்புகிற அன்று ஜெகநாதனின் மனைவி மரகதம் ஒரு புது வெள்ளைச் சட்டை கொடுத்தார். "பெரிய எடத்துக்குப் போறீங்க, தம்பி. இதப் போட்டுக்கங்க." அவன் விரல்களில் ரெசின் காய்ந்து நகத்தோடு நகமாக இறுகியிருந்தது. தின்னர் போட்டுத் தேய்த்தான். கொஞ்சம்தான் போனது.

சென்னையில் விமானத்தை விட்டு இறங்கி முதலில் போனது முத்துராஜின் பட்டறை. செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பாடி ஒன்று பெயின்ட் இல்லாமல் கறுப்பாக, பார்ப்பதற்கு எருமைக் கன்று போல மரக்கட்டைகளின் மேல் கிடந்தது. முத்துராஜ் லுங்கியில் இருந்தார். அதிகம் பேசவில்லை. "வெளிய பாக்காதீங்க. கவுத்துப் போடுறேன், உள்ள பாருங்க" என்று சொல்லி இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கவிழ்த்தார். உள்பக்கம் நார்ப் பாய் ஒரே சீராக ரெசின் குடித்துப் படிந்திருந்தது. வெள்ளைத் திட்டு எங்கும் இல்லை, காற்றுக் கொப்புளம் இல்லை. கதவுக் கீல் வரும் இடத்தில் இரும்புத் தகடு வைத்து அதன்மேல் மூன்று அடுக்கு ஏற்றியிருந்தார். ஒச்சப்பன் ஓரத்திலிருந்து ஓரம்வரை தட்டிக்கொண்டே போனான். ஒரே ஓசை. கைபேசி விளக்கை உள்ளே பிடிக்கச் சொல்லி வெளியிலிருந்து பார்த்தான். ஒளி எங்கும் கசியவில்லை.

"பெயின்ட் நீங்கதான் அடிச்சுக்கணும்" என்றார் முத்துராஜ். ஜெகநாதனுக்கு முகம் விழுந்தது. அந்தக் கறுப்புக் கூட்டில் அவருடைய காலண்டர் கார் அவருக்குத் தெரியவில்லை.

"அடுத்ததையும் பாத்துருவோம்" என்றார்.

அடுத்தது உதயாவின் இடம். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று ஒச்சப்பன் வாசலில் ஒரு நிமிடம் தயங்கினான். ஏசி அறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். உதயாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்பு டீ-ஷர்ட், மெல்லிய குரல். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு மேடைமேல் சிவப்புப் பாடி நின்றது. ஜெகநாதன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர்தான் எங்க எக்ஸ்பர்ட். அந்தமான்ல போட் பில்டர்" என்று அவர் ஒச்சப்பனைக் காட்டினார்.

உதயா எழுந்து கை கொடுத்தான். "ரொம்ப சந்தோஷம், சார். ஃபைபர் தெரிஞ்சவங்க வந்தா பேச நல்லாருக்கும். நீங்க என்ன லே-அப் ஷெட்யூல் ஃபாலோ பண்றீங்க? பாலியெஸ்டரா, வினைலெஸ்டரா?"

ஒச்சப்பனுக்கு நீல டப்பா தெரியும், வெள்ளை டப்பா தெரியும். எதற்கு எது என்றும் தெரியும். டப்பாவில் எழுதியிருந்ததை ஒருநாளும் படித்ததில்லை.

"ரெண்டும்தான்" என்றான்.

"சூப்பர். வேக்குவம் இன்ஃப்யூஷனும் பண்றீங்களா?"

"பண்றதுதான்."

உதயா தலையாட்டிவிட்டு ஜெகநாதனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். ஒச்சப்பனும் சிரித்தான். என்ன என்று புரியவில்லை. தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. காது சுட்டது.

பாடியைப் பார்க்கப் போனார்கள். பக்கத்தில் போனதுமே அவனுக்கு வாடை வந்தது. பெயின்ட் வாடைக்கு அடியில் ரெசினின் இனிப்பான நெடி. செய்து பல நாளான ஒன்று இப்படி நெடி அடித்தால் அது உள்ளுக்குள் வேகவில்லை, ரெசின் சரியாக இறுகவில்லை என்று அர்த்தம். அவசரத்தில் அச்சிலிருந்து உரித்து எடுத்திருக்கிறார்கள். மேலே டியூப்லைட்டின் கோடு சிவப்பு மேற்பரப்பில் நேராக ஓடிவந்து, கதவுக்குப் பக்கத்தில் லேசாக நெளிந்து மறுபடி நிமிர்ந்தது. அங்கே பட்டி பூசி மேடு பள்ளத்தை மறைத்திருக்கிறார்கள். ஒச்சப்பன் குனிந்து முட்டியால் ஒரு தட்டுத் தட்டினான். சத்தம் செத்துப் போய் வந்தது.

"சார், பாலிஷ் போட்ட ஃபினிஷ். கை பட்டா மார்க் விழும்" என்றான் உதயா, மரியாதையாகத்தான். ஆனால் சொல்லும்போது அவன் கண் ஒச்சப்பனின் விரல்களில் இருந்தது.

ஒச்சப்பன் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டான்.

உள்பக்கம் முழுக்கக் கறுப்புக் கம்பளம் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். அல்லது மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்திருக்கலாம். கொட்டகையில் ஒருநாளைக்குப் பத்துத் தடவை படகுக்கு அடியில் படுக்கிறவன்தான் அவன். அன்று வெள்ளைச் சட்டையோடு, 'சார்' என்று கூப்பிட்டவன் முன்னால், அந்தக் கண்ணாடித் தரையில் படுக்க அவனால் முடியவில்லை. படுத்தால் தான் யார் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தான்.

"ஒச்சப்பா, நீ சொல்லு" என்றார் ஜெகநாதன். அவர் முகம் பள்ளிக்கூடத்துப் பையனின் முகம்போல் இருந்தது. "நீ சொல்றதுதான்."

வேணாம் சார், இது வேகல, முதல்ல பாத்ததே பக்கா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் உதயா ஏன் என்று கேட்பான். கேட்டால் அவனுடைய பாஷையில் பதில் சொல்ல வேண்டும்.

"இதுவே நல்லாருக்குங்க, சார்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் விஜயகுமாரி கேட்டாள். "எப்படி இருந்துச்சிங்க சாமான்?"

"கண்ணாடி மாதிரி."

"உள்பக்கம்?"

"பாத்தேன்" என்றான்.

ஒன்றரை மாதம் கழித்துக் கப்பல் வந்தது. ஹேடோ துறைமுகத்திலிருந்து பாடி இருந்த மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு பெரார்கஞ்ச் போனது குழந்தைவேலுவின் லாரி. குழந்தைவேலுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சொந்தமாக ஒரே ஒரு லாரி. ஜெகநாதனின் கம்பி, கம்பம், கேபிள் எல்லாம் வருடக்கணக்காக அவர்தான் ஏற்றி இறக்கினார்.

பெட்டியைப் பிரிக்கும்போது ஒச்சப்பனும் இருந்தான். ஜெகநாதனின் ஆட்கள் எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். மரப்பலகை ஒவ்வொன்றாகக் கழன்றது. சிவப்பு வெளியே வந்ததும் எல்லோரும் 'அரே' என்று வாயைப் பிளந்தார்கள். பிறகு டிரைவர் பக்கத்துக் கதவு தெரிந்தது. கீலின் மூலையில் தொடங்கிய விரிசல் ஒரு முழ நீளத்துக்கு நெளிந்து கீழே இறங்கியிருந்தது. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து தொங்கியது. முன்பக்க வாயும் ஒருபுறமாகக் கோணியிருந்தது.

ஜெகநாதன் விரிசலுக்குக் கிட்டே போய்க் குனிந்தார். அப்புறம் ஒச்சப்பனைப் பார்த்தார்.

"வழியிலதான் அடிபட்டிருக்கு. இல்லையா?"

தொங்கிய சில்லை ஒச்சப்பன் பார்த்துவிட்டிருந்தான். முக்கால் விரல்கடை பட்டி, அதன் பின்னால் காகிதம்போல மெல்லிய நார், அதுவும் ரெசின் குடிக்காமல் வெள்ளையாக. இரும்புத் தகடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இது லாரியில் வராமல் தூக்குப் பல்லக்கில் வந்திருந்தாலும் உடைந்திருக்கும். பிரித்துப் போட்ட பலகைகளில் ஒரு கீறல்கூட இல்லை. அதை அவனைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

"அப்படித்தான் தெரியுது, சார்" என்றான்.

ஜெகநாதன் திரும்பினார். குழந்தைவேலு லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மால் ஏத்தும்போதே என்னய்யா சொன்னேன் ஒங்கிட்ட? குழந்தையத் தூக்குற மாதிரி கொண்டான்னு சொன்னனா இல்லியா?"

"சார், நான் இருபதுக்கு மேல ஓட்டல. அடியில மெத்தை போட்டுத்தான்..."

"பேசாத. கண்ணு தெரியலன்னா வீட்ல ஒக்காரு. ஏன்யா அடுத்தவன் பொழப்புல மண்ணள்ளிப் போடுற? இனி என் சைட்டுப் பக்கம் ஒன் காடி வரக்கூடாது."

எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைவேலு பின்கதவிலிருந்து கையை எடுத்தார். உடைந்த இடத்தை ஒருமுறை பார்த்தார். அப்புறம் ஒச்சப்பனைப் பார்த்தார். கோபமாக அல்ல. நோயாளி டாக்டரைப் பார்க்கிற மாதிரி. ஒச்சப்பன் குனிந்து, பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தான். லாரி கிளம்பிப் போகிற சத்தம் கேட்கும்வரை அவன் நிமிரவில்லை.

நான்கு நாள் கழித்துக் குழந்தைவேலு கொட்டகைக்கு வந்தார். விஜயகுமாரி நாற்காலி எடுத்துப் போட்டாள். உட்காரவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். நீ தெரிஞ்சவன். அது என் வண்டியில வந்துதான் ஒடஞ்சிருக்குமா?"

ஒச்சப்பன் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஏன் கேக்குறேன்னா, கராச்சராமா பக்கம் ஒரு எடத்துல ஒரு குலுக்கல் குலுக்குச்சு. சின்னதுதான். அதுலதான் போயிருக்குமோன்னு எனக்கு ஒரு எண்ணம். நான்தான் ஒடச்சேன்னா ஒடச்சேன்னு ஒத்துக்கறேன். தெரியாமத்தான் மனசு கெடந்து அடிச்சுக்குது. எங்க வீட்ல இருந்த மெத்தையத்தான் எடுத்துப் போட்டேன். அப்படியும் எப்படி..."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான் கூட.

"ரோடு அப்படி, அண்ணே" என்றான். "ஒங்க தப்புன்னு சொல்ல முடியாது."

குழந்தைவேலு தலையை ஆட்டினார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. "சரி தம்பி. நான்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஜயகுமாரி நார்ப் பாயை வெட்டுவதை நிறுத்தியிருந்தாள். மூலையில் ஒரு சாக்கில் அந்தச் சிவப்புச் சில்லு கிடந்தது. பாடியைச் சரிசெய்ய நிறம் ஒத்துப் பார்க்க வேண்டும் என்று ஒச்சப்பன் கொண்டுவந்திருந்தான். அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் கீறினாள். பட்டி பொடியாக உதிர்ந்தது.

"இது அடிபட்டு ஒடஞ்சதில்லையே."

அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"ஒங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

"சென்னையிலயே?"

"தெரியும்" என்றான். சொன்னதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவன் அப்படி முகத்தை மூடி அவள் பார்த்ததில்லை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் சில்லைச் சாக்கிலேயே போட்டுவிட்டு, கலக்கி வைத்த ரெசின் இறுகிப் போவதற்குள் அதை எடுத்துக்கொண்டு படகுக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அவன் பெரார்கஞ்ச் போனான். ஜெகநாதன் ஷெட்டில் சட்டத்துக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். மரகதம் வெளியே பாக்கு உலர்த்திக்கொண்டிருந்தார்.

"சார், பாடி லாரியில ஒடயல."

"என்ன?"

"அது செய்யும்போதே சரியில்ல. வேகாம உரிச்சிருக்காங்க. கீல் எடத்துல பட்டியப் பூசி மறைச்சிருக்காங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்."

ஜெகநாதன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அன்னைக்கேன்னா?"

"சென்னையிலங்க. வாடை வந்துச்சு. தட்டுனேன், சத்தமும் சரியில்ல."

"அப்ப ஏன்யா நல்லாருக்குன்ன?"

ஒச்சப்பன் இதற்கு வழியெல்லாம் ஒரு பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். அதை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னான்.

"அவரு பேசினது எனக்கு ஒண்ணும் புரியலீங்க, சார். புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீங்க என்னைய எக்ஸ்பர்ட்டுன்னு வேற சொன்னீங்க."

மரகதம் பாக்குத் துழாவுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். ஜெகநாதன் சத்தம் போடுவார் என்று ஒச்சப்பன் நினைத்தான். அவர் ஒரு பெயின்ட் டின்மேல் உட்கார்ந்தார்.

"எனக்கு மட்டும் என்னத்தப் புரிஞ்சுச்சு? அவன் சிரிச்சான், நானும் சிரிச்சேன்" என்றார். பிறகு கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். "பாடி கெடக்கட்டும், ஒச்சப்பா. அந்த மனுஷன எட்டுப் பேர் முன்னாடி கேக்கக் கூடாததெல்லாம் கேட்டுப்புட்டேனே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாயத் தொறந்திருப்பனா? என்னையப் போயி இப்படி ஆக்கிட்டியே."

"நான் போயி அவருகிட்டச் சொல்றேன், சார்."

"போ. நானும் சொல்லணும்." ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

மரகதம்தான் உள்ளே போய் ஒரு சுருட்டிய மெத்தையை எடுத்து வந்தார். நீலக் கோடு போட்ட இலவம்பஞ்சு மெத்தை. "பெட்டிக்கடியில கெடந்துச்சு. அவரு அன்னைக்கு இதக்கூட எடுக்காமப் போயிட்டாரு. கொண்டுபோய்க் குடுத்துருங்க, தம்பி."

குழந்தைவேலு இப்போது ஒரு மளிகைக்காரருக்காக வடக்கே ரங்கத் வரை லோடு அடிப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பக்கம் போகிற வண்டிகள் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காலையில் வரிசையில் நின்று, போலீஸ் காவலோடு கான்வாயாகப் பழங்குடிகளின் காட்டுக்குள் போய், பாராடாங் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறவேண்டும். ஒச்சப்பன் விடியும்போதே ஸ்கூட்டரின் பின்னால் மெத்தையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். வழியில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டெம்போக்காரன் ஹிந்தியில், "வீட்டை விட்டுத் துரத்திட்டாளா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

சாவடியில் நாற்பது வண்டிக்குமேல் நின்றன. டீக்கடைப் பக்கம் டிரைவர்கள் ஐந்தாறு பேரோடு குழந்தைவேலு நின்றிருந்தார். வங்காளி ஒருவர், தெலுங்குக்காரர் இருவர், ராஞ்சிப் பக்கத்து ஆள் ஒருவர். ஒச்சப்பன் மெத்தையை அவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.

குழந்தைவேலு பார்த்தார். "இத எதுக்கு இங்க தூக்கிட்டு வந்த? பாராடாங்ல போயி படுக்கவா?"

மற்றவர்கள் சிரித்தார்கள்.

தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்றுதான் ஒச்சப்பன் நினைத்து வந்திருந்தான். வந்து நின்றபிறகு அது சரியாகப் படவில்லை. ஜெகநாதன் அவரைத் திட்டியது தனியாக வைத்து அல்ல. இந்த டிரைவர்களுக்கெல்லாம் அந்தச் செய்தி போயிருக்கும். தமிழில் சொன்னால் இவர்களுக்குப் புரியாது. அவன் மெத்தையைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த தீவு ஹிந்தியில் சொன்னான்.

"காடி மே நஹி டூட்டா. மால் பெஹ்லே ஸே கராப் தா. முஜே மாலூம் தா. மை ஜூட் போலா."

வண்டியில் உடையவில்லை, சரக்கு முதலிலிருந்தே கெட்டது, எனக்குத் தெரியும், நான் பொய் சொன்னேன். நான்கு சின்ன வாக்கியங்கள். சொல்லி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வங்காளி டிரைவர் டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

குழந்தைவேலு தமிழில் கேட்டார். "அன்னைக்கு நான் ஒன் கொட்டகைக்கு வந்து கேட்டேனே?"

"ஆமாண்ணே."

"அப்பவும் தெரியுமா?"

"தெரியும்ணே."

அவர் டீயைக் குடித்தார். சூடு ஆறியிருக்கும். ஒரே மடக்கில் குடித்தார்.

"என் சம்சாரம் சொர்ணம்மா சொல்றா, ஒங்களுக்கு வயசாயிருச்சு, பள்ளம் கண்ணுக்குத் தெரியல, வண்டிய வித்துருங்கன்னு. நானும் அதான் சரின்னுட்டேன். ரெண்டு பேருகிட்ட வெல பேசச் சொல்லி வச்சிருக்கேன். ராத்திரியில லைட்டு போட்டா எனக்கே ரோடு மங்கலாத் தெரிய ஆரம்பிச்சிருச்சு, தம்பி. முப்பத்திரெண்டு வருஷம் ஓட்டுனவன்." நிறுத்திவிட்டு, "ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம் நீ" என்றார்.

"மன்னிச்சிருங்கண்ணே."

அவர் காலிக் கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டினார். சாவடியில் விசில் ஊதினார்கள். டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். குழந்தைவேலு மெத்தையைத் தானே தூக்கிக் கேபினில், சீட்டுக்குப் பின்னால் திணித்தார். ஒச்சப்பன் பிடிக்கப் போனபோது, "விடு" என்றார். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுக்குள் போய் மறைந்தன. ஒச்சப்பன் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தான். கடைக்காரர் டீ வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஜெகநாதன் குழந்தைவேலுவுக்குப் போன் செய்தாரா என்று ஒச்சப்பன் கேட்கவில்லை. இரண்டு கான்ட்ராக்டர்களிடம் அவர், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, அந்தாளு மேல குத்தமில்ல" என்று சொன்னதாக மட்டும் காதில் விழுந்தது. லாரி விற்கப்படவில்லை.

பாடியை ஒச்சப்பனும் விஜயகுமாரியும் இரண்டரை மாதம் சரி செய்தார்கள். கம்பளத்தை உரித்தால் உள்ளே நினைத்ததைவிட மோசம். பட்டி முழுவதையும் கிரைண்டரில் தேய்த்து எடுத்து, கோணிய முன்பக்கத்தை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, உள்பக்கம் முழுக்கப் புதிதாக மூன்று அடுக்கு ஏற்றினார்கள். கீல் இருக்கும் இடங்களில் தகடு வைத்தார்கள். முகமூடிக்குள் வியர்வை வழிய அவன் அந்தக் கூட்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். ஜெகநாதன் அடிக்கடி வந்து பார்ப்பார். டீ வாங்கித் தருவார். பழைய மாதிரியே பேசுவார். ஆனால் முன்கண்ணாடி எந்த வகை, சீட்டு எந்த உயரம் என்று முடிவு செய்ய வேண்டி வந்தபோது கைபேசியில் வேறு யாரையோ கேட்டார். 'நீ சொல்லு' என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஒச்சப்பனும் அதை எதிர்பார்க்கவில்லை. இருந்தும் ஒவ்வொரு முறையும் அவர் போனை எடுக்கும்போது இவன் வேலை செய்வது போலக் குனிந்துகொண்டான்.

தை பிறந்து, கார் தோட்டத்துக்குள் ஓடியது. ஜெகநாதன் முதலில் மரகதத்தை உட்கார வைத்து ஓட்டினார். மரகதம் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே போனார். அதற்கு ஒரு வாரம் கழித்து, தோட்டத்துப் பாதையில் போடுவதற்காக ஜல்லி வந்தது. கொண்டுவந்தது குழந்தைவேலு.

ஜல்லியைக் கொட்டிவிட்டு அவர் ஷெட்டுக்கு வந்தார். ஒச்சப்பன் அங்கே கதவு ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தான். இருவரும் சாவடிக்குப் பிறகு சந்திக்கவில்லை. ஒச்சப்பன் எழுந்து நின்றான்.

குழந்தைவேலு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டிரைவர் பக்கத்துக் கதவருகே நின்றார்.

"இங்கதானா?"

"இங்கதாண்ணே."

ஒச்சப்பன் கதவைத் திறந்து, கீலுக்கு உள்பக்கம் தெரியும்படி பிடித்தான். புதிதாக ஏற்றிய இடம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. குழந்தைவேலு மெல்லக் குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த இடத்தை விரலால் தடவினார். மேலிருந்து கீழே, மறுபடி கீழிருந்து மேலே. வெகுநேரம் தடவினார்.

"இப்ப ஒடயாதுல்ல?"

"ஒடயாதுண்ணே."

அவர் நிமிர்ந்து, கண்ணாடியை இறக்கிக்கொண்டார். லாரியை எடுத்து, பாக்கு மரங்களுக்கு நடுவே ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு ரோடுவரை போனார். ஒரு மரத்தைக்கூட உரசவில்லை. ஒச்சப்பன் கதவைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.